கிரெனடாவில் பண்ணைச் சுற்றுலா: கொடுத்த காசு மரத்தடிக்குப் போகிறதா?

கரீபியன் கடல் தீவான கிரெனடாவுக்கு வருகிற பலர் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையோடு திருப்தியாகிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மணல் அப்படி. ஆனால் இந்தத் தீவின் உண்மையான சரக்கு மலைச்சரிவில் இருக்கிறது. ஜாதிக்காய், கொக்கோ, பட்டை, கிராம்பு, வாழை, ஆங்காங்கே கரும்பு. தேசியக் கொடியிலேயே ஒரு ஜாதிக்காயை வைத்திருக்கிற நாடு இது. அந்தச் சரிவுகளைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று இப்போது ஆளாளுக்குப் பண்ணைச் சுற்றுலா நடத்துகிறார்கள். எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம் என்று கேட்டு மகளின் தோழிகள் நச்சரித்ததால் எழுதுகிறேன்.

மகள் இங்கே செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கிறாள். அவளோடு வந்து தங்கும்போதெல்லாம் தீவைச் சுற்றுவது என் வழக்கம். நான் கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கே போனாலும் ஒரு கேள்வி தானாக வந்துவிடும்: நான் கொடுக்கிற நூறில் விளைவித்தவர் கைக்கு எவ்வளவு போகிறது? மகளுக்கு இது பெரிய தொல்லை. வண்டியில் ஏறும்போதே, "அம்மா, நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. டூர் வந்திருக்கோம், ஆடிட்டுக்கு வரல" என்று சொல்லிவிடுவாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு அப்புறம் கேட்கத்தான் செய்வேன்.

சுற்றிச் சுற்றி எனக்குப் பிடிபட்ட அளவுகோல் ஒன்றுதான். நாம் போகாவிட்டாலும் அந்த இடம் ஓடுமா? ஓடும் என்றால் நம்பிப் போகலாம். நம் வண்டி வந்து நின்ற பிறகுதான் ஆட்கள் கையில் கத்தியை எடுக்கிறார்கள் என்றால் யோசியுங்கள்.

யோசிக்க வேண்டிய ரகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஓட்டல் வரவேற்பறையில் சொல்லி ஏற்பாடு செய்த ஒரு முழுநாள் வேன் சுற்றுலா, ஆளுக்கு 85 அமெரிக்க டாலர். கிழக்குக் கரீபிய டாலர் 1976 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையாக இருக்கிறது, ஆகவே சுமார் 230. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரு காட்சி முனை, ஒரு அருவி, ஒரு மசாலாக் கடை, கடைசியில் 'எஸ்டேட்' என்று சொல்லப்பட்ட ஓரிடம். அங்கே கொட்டகைக்குக் கீழே ஒரு மேசை, மேசை மேல் கூடை. கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து முகர்ந்து பெயர் சொல்லச் சொன்னார்கள். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், இஞ்சி, மஞ்சள். எங்களிடம் போய் இதைக் கேட்கலாமா? எல்லாவற்றையும் கடகடவென்று சொல்லி முடித்ததும் அந்த வழிகாட்டிப் பையனின் முகம் தொங்கிவிட்டது. பாவம், அவனுக்குக் கொடுத்திருந்த வசனமே அவ்வளவுதான்.

மேசைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கொக்கோ மரங்கள் கவாத்துப் பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும். அழுகிக் கறுத்த காய்கள் தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பறித்து அப்புறப்படுத்தாவிட்டால் நோய் பக்கத்துக் காய்க்குத் தாவும், இது கொக்கோ வைத்திருக்கிற யாருக்கும் தெரியும். நிலத்துக்காரர் ஒரு பெரியவர், ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கேட்டேன். எங்கள் 230 டாலரில் அவருக்கு ஆளுக்கு 15 கிழக்குக் கரீபிய டாலர் கிடைக்கிறதாம், அதுவும் மாதக் கடைசியில். "தோட்டத்தில் வேலை செய்வதை விட இது சுலபம்" என்றார் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விவசாயத்தைத் தாங்கிப்பிடிக்கும் என்று சொல்லிக் கொண்டுவந்த சுற்றுலா, அந்த மனிதரை விவசாயத்திலிருந்து கழற்றிவிட்டிருந்தது.

இனி போக வேண்டிய இடங்கள்.

பெல்மாண்ட் எஸ்டேட் தீவின் வடக்கே செயின்ட் பேட்ரிக் மாவட்டத்தில் இருக்கிறது. தலைநகர் செயின்ட் ஜார்ஜஸிலிருந்து வளைவுப் பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பதினேழாம் நூற்றாண்டில் தொடங்கிய தோட்டம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பில் நின்றது. காப்பி, பருத்தி, கரும்பு, கொக்கோ, ஜாதிக்காய், வாழை என்று சந்தைக்குத் தகுந்தபடி பயிர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1944-இல் நயாக் என்ற குடும்பம் இதை வாங்கியது. இந்திய வம்சாவளிக் குடும்பம். அடிமை முறை ஒழிந்த பிறகு தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கொண்டுவந்த முதல் கப்பலான மெய்ட்ஸ்டன் கிரெனடாவை அடைந்தது 1857 மே 1 அன்று. அப்படி வந்தவர்களின் வழியில் வந்த ஒரு குடும்பம் நூறு வருடத்துக்குள் எஸ்டேட்டையே வாங்கியிருக்கிறது. அங்குள்ள சிறு அருங்காட்சியகத்தில் இந்த வரலாறு சொல்லப்படும்போது மகளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

2002-இல் தோட்டத்தைப் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2004 செப்டம்பர் 7 அன்று, ஐவன் புயல். தீவில் கூரையோடு தப்பித்த வீடுகள் குறைவு. அதிலிருந்து எழுந்து வந்த இடம் என்பது தெரிந்துதான் போனோம்.

இங்கே கொக்கோவை மரத்திலிருந்து சாக்லேட் கட்டி வரை ஒரே வளாகத்தில் பார்க்கலாம். காய்கள் கிளை நுனியில் தொங்காமல் தண்டிலேயே முளைக்கின்றன. உடைத்தால் வெள்ளைச் சதை மூடிய கொட்டைகள். வாயில் போட்டுச் சப்பலாம், இனிப்பும் புளிப்பும் கலந்த சுவை. கடிக்கக் கூடாது, கொட்டை கசக்கும். ஈரக் கொட்டைகளை மரப்பெட்டிகளில் கொட்டி, மேலே வாழையிலை, அதற்கு மேல் சாக்கு. நடுவில் கிளறிவிட்டு, பெட்டி மாற்றி, ஒரு வாரம் போலப் புளிக்க வைக்கிறார்கள். உள்ளே கையை விடச் சொன்னார் அங்கு வேலை பார்க்கும் அம்மா. விட்டதும் எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. தீயே கிடையாது, எல்லாம் நுண்ணுயிர் செய்கிற வேலை. சாக்லேட் வாசனைக்கு அடிப்படை இந்தப் பெட்டியில்தான் விழுகிறது என்று அவர் விளக்கினார். புளித்தது சரியில்லை என்றால் பிறகு எந்த இயந்திரத்தாலும் சரிசெய்ய முடியாதாம்.

அப்புறம் உலர்த்தும் இடம். அகலமான மரத்தட்டுகள், கீழே சக்கரம், சக்கரத்துக்குத் தண்டவாளம். வெயிலில் வெளியே இழுத்து, மழை வந்தால் கட்டடத்துக்கு அடியில் தள்ளிவிடலாம். கொட்டைகளுக்கு நடுவே வெறுங்காலைத் தேய்த்தபடி நடந்து வரிவரியாகக் கிளறுகிறார்கள். எங்களையும் நடக்கவிட்டார்கள். நாங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே மேகம் திரண்டது. எங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்த பெண் பாதி வாக்கியத்தில் விட்டுவிட்டு ஓடினார். நாலைந்து பேராகச் சேர்ந்து தட்டுகளைத் தள்ளி உள்ளே விட்டார்கள், மழை விழுந்தது, அவர் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். என் கணக்கில் பெல்மாண்டுக்கு முழு மதிப்பெண் அந்த ஓட்டத்துக்குத்தான். அங்கே கொக்கோவுக்கு அடுத்துத்தான் நாம்.

சுற்றிக் காட்டுவதற்கு வாங்கும் கட்டணம், உணவகம், சாக்லேட் விற்பனை எல்லாம் ஒரே வளாகத்தில் நடப்பதால் பணம் இடைத்தரகர் கைக்குப் போகாமல் அங்கேயே சுழல்கிறது. வேலைக்கு இருப்பவர்கள் சுற்றுவட்டாரக் கிராமத்தவர்கள். சாப்பாடு உள்ளூர்ச் சமையல். சேம்பு இலைச் சூப் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதை இங்கே காலலூ என்கிறார்கள். சனிக்கிழமை மூடியிருக்கும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வார இறுதிக்கென்று வருபவர்கள் கேட்டுக்குப் போய்த் திரும்பி வருவார்கள்.

இதே வட்டாரத்தில்தான் ஹெர்மிடேஜ் கிராமத்தில் 1999-இல் கிரெனடா சாக்லேட் கம்பெனி பிறந்தது. மாட் கிரீன் என்ற அமெரிக்கர் உள்ளூர் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியது. கொக்கோ விளைகிற நாடு கொட்டையை மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, ஐரோப்பாவில் செய்த சாக்லேட்டை விலைக்கு வாங்கித் தின்பது என்ன நியாயம் என்ற கேள்விதான் அதன் முதலீடு. சூரிய மின்சாரத்தில் இயந்திரம் ஓட்டினார்கள், பாய்மரக் கப்பலில் ஐரோப்பாவுக்குச் சாக்லேட் அனுப்பினார்கள். 2013-இல் மாட் கிரீன் மின்சாரம் தாக்கி இறந்துபோனார். அவருக்குப் பிறகு தீவில் சாக்லேட் செய்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். செயின்ட் ஜார்ஜஸ் யங் தெருவில் இருக்கிற 'ஹவுஸ் ஆஃப் சாக்லேட்' கடையில் பல உள்ளூர்க் கட்டிகளை ஒரே இடத்தில் சுவைத்து வாங்கலாம். வடக்கே போக நேரமில்லாதவர்களுக்கு அது போதும்.

பெல்மாண்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ரிவர் ஆன்ட்வான் ரம் ஆலை. பக்திமான்கள் மன்னிக்க வேண்டும், நான் குடிப்பதில்லை, ஆனாலும் தீவில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். 1785 முதல் நடக்கிறது. ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியே தண்ணீர் வந்து ஒரு பெரிய இரும்புச் சக்கரத்தின் மேல் விழுகிறது. சக்கரம் சுற்றினால் கரும்பு ஆட்டும் உருளைகள் சுற்றும். மோட்டார் கிடையாது. கரீபியனில் இன்னும் தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் ஆலைகளில் மிகப் பழையது இது என்கிறார்கள். சக்கை சிறு தள்ளுவண்டியில் வெளியே போகிறது, காய்ந்ததும் அதுவே அடுப்புக்கு எரிபொருள். சாறு வரிசையாக வைத்த கொப்பரைகளில் கொதிக்க, நீளப் பிடி போட்ட அகப்பையால் ஒரு கொப்பரையிலிருந்து அடுத்ததற்கு ஆட்கள் மொண்டு ஊற்றுகிறார்கள். வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையைப் பார்த்தவர்களுக்கு வாசனையிலேயே பாதி புரிந்துவிடும். பிறகு திறந்த தொட்டிகளில் காற்றில் இருக்கும் ஈஸ்ட்டே விழுந்து நாட்கணக்கில் புளிக்கிறது. மேலே நுரையும் சக்கைத் துணுக்கும் மிதக்கின்றன. கடைசியில் விறகு அடுப்பில் வடிக்கிறார்கள்.

சுத்தம் சுகாதாரம் என்று மூக்கைப் பிடிப்பவர்களுக்கு இது ஒத்துவராது. தரை வழுக்கும், புகை கண்ணைக் கரிக்கும், கைப்பிடிச் சுவர் எல்லா இடத்திலும் இல்லை. நல்ல செருப்புப் போடாமல் வந்த ஒரு பயணி தடுமாறியதைப் பார்த்தேன். ஆனால் யாரும் நமக்காக எதையும் நடிக்கவில்லை. சுற்றிக் காட்டுவதற்குச் சின்னக் கட்டணம்தான் வாங்குகிறார்கள். ஆலையின் வருமானம் ரம்மில் இருக்கிறது, அதில் பெரும்பகுதி தீவிலேயே விற்றுவிடுகிறது.

கடைசியில் சொட்டு ரம் ஊற்றிக் கொடுப்பார்கள். முக்கியமான சரக்கு 75 சதவீத ஆல்கஹால். மகளின் தோழி ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஒரு நிமிடம் பேசவே இல்லை. எழுபது சதவீதத்துக்கு மேல் இருந்தால் விமானத்தில் ஏற்ற முடியாது என்பதால், ஊருக்கு எடுத்துப்போகிறவர்களுக்கென்றே 69 சதவீதத்தில் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை வாங்கினால் விமான நிலையத்தில் பிடுங்க மாட்டார்கள்.

மேற்குக் கடற்கரையில் குவாவ் என்ற மீனவ ஊர். வெள்ளிக்கிழமை இரவு மீன் விருந்துக்குப் பெயர் பெற்றது. நான் சொல்ல வந்தது அங்கிருக்கும் ஜாதிக்காய் நிலையம். பழைய மரக் கட்டடம், மாடி மாடியாகத் தட்டுகள், உள்ளே நுழைந்ததும் தலையைச் சுற்றும் வாசனை. நடத்துவது கிரெனடா கூட்டுறவு ஜாதிக்காய்ச் சங்கம், 1947-இல் தொடங்கியது. மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போச்சு, இங்கேயே குடியிருக்கப் போறீங்க" என்றாள்.

விவசாயிகள் காயைக் கொண்டுவந்து எடை போட்டுக் கொடுப்பார்கள். ஓட்டோடு வாரக்கணக்கில் தட்டுகளில் உலர வேண்டும். உலர்ந்த பின் ஓட்டை உடைத்துப் பருப்பைத் தண்ணீரில் போடுகிறார்கள். மூழ்குவது நல்ல எண்ணெய்ச் சத்துள்ள முதல் தரம், மிதப்பது இரண்டாம் தரம். எந்தக் கருவியும் வேண்டாம், ஏமாற்றவும் முடியாது. சிவப்பு வலை போல் காயைச் சுற்றியிருக்கும் ஜாதிபத்திரியைத் தனியாகப் பதப்படுத்துகிறார்கள், நாளாக ஆக நிறம் மங்கி மஞ்சளாகிறது. தரம் பிரித்துச் சாக்கில் கட்டி, மேலே தகட்டு அச்சு வைத்து மை பூசுகிறார்கள். தரம் பிரிக்கும் மேசைகளில் அதிகமும் பெண்கள். அவர்கள் கை ஓடுகிற வேகத்துக்கு நம் கண் ஓடாது.

விலை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்டதும் சுற்றிக் காட்டிய பெண்மணிக்கே உற்சாகம் வந்துவிட்டது, யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது. காயைக் கொடுத்தவுடன் ஒரு முன்விலை. வருடத்து விற்பனை முடிந்து உபரி இருந்தால் கொடுத்த எடைக்குத் தகுந்தபடி ஊக்கத்தொகை. எனக்குப் பழகிய ஏற்பாடுதான், கடல் தாண்டி ஒரு மரக்கட்டடத்தில் அதைக் கேட்டது சந்தோஷமாக இருந்தது.

கட்டடத்தில் காலித் தட்டுகளும் கண்ணில் படும். காரணம் ஐவன். அதற்கு முன் ஜாதிக்காயில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் இந்தச் சின்னத் தீவுக்கு. ஒரே நாளில் பெரும்பகுதி மரங்கள் விழுந்துவிட்டன. மறு வருடம் ஜூலையில் எமிலி புயல் வடக்கை அடித்தது. ஜாதி மரம் நட்டால் காய்க்க ஆறேழு வருடம், முழு விளைச்சலுக்குப் பதினைந்து இருபது. அதிலும் ஆண் மரம் பெண் மரம் என்று உண்டு, பூக்கும்வரை எது எது என்று தெரியாது. வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றி வளர்த்துப் பூத்த பிறகு பாதி ஆண் மரம் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? கொக்கோ மூன்று நான்கு வருடத்தில் காய்த்துவிடும் என்பதால் நிறையப் பேர் அதற்குத் தாவினார்கள். இன்று நாம் கொக்கோத் தோட்டம் கொக்கோத் தோட்டமாகச் சுற்றுவதற்கு அந்தப் புயலும் ஒரு காரணம். 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கரியாகூ தீவைத் துவம்சம் செய்தபோது கிரெனடாவின் வடக்கு மாவட்டங்களிலும் ஜாதி மரங்கள் மறுபடி சாய்ந்தன.

புயலுக்கு எதிரான காப்பு என்று சுற்றுலாவைப் பேசுகிறவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பயிர் போனால் பயணி இருக்கிறார் என்பது மழை பொய்த்த வருடத்துக்குச் சரி. புயல் வந்தால் மரமும் போகும், சாலையும் போகும், பயணியும் வர மாட்டார். இரண்டு வருமானமும் ஒரே நாளில் நிற்கும்.

எனக்கு மிக நிறைவாக இருந்த நாளுக்கு விளம்பரப் பலகையே கிடையாது. மகள் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவின் உறவுக்காரர் ஒருவர் செயின்ட் ஆண்ட்ரூ மாவட்டத்து மலையில் சிறு நிலம் வைத்திருக்கிறார். அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி. கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். வாழை நிழலில் கொக்கோ, கொக்கோ நிழலில் சேம்பு, ஓரத்தில் ஜாதி, கிராம்பு, ஒரு கிளையில் சுரைக்கொடி கூட. இரண்டு ஏக்கருக்குள் இவ்வளவும். ஈரக் கொக்கோவைக் கொக்கோச் சங்கத்தின் கொள்முதல் நிலையத்துக்குக் கொடுத்துவிடுகிறார், புளிக்கவைத்து உலர்த்துவது அவர்கள் பாடு. குரங்குத் தொல்லையைப் பற்றி நிறையத் திட்டினார். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பல தலைமுறைக்கு முன் கப்பலில் வந்த மோனா குரங்குகள் இங்கே காட்டில் பெருகிக் கிடக்கின்றன. பயணிகள் அவற்றைப் படம் எடுக்க கிராண்ட் ஈடாங் ஏரிக்குப் போகிறார்கள், இவர் அவற்றை விரட்ட நாய் வளர்க்கிறார்.

மதியம் ஆயில் டவுன், தீவின் தேசியச் சாப்பாடு. பெரிய பாத்திரத்தில் சீமைப்பலாக்காய், உப்பிட்ட இறைச்சி, மாவு உருண்டை, மேலே சேம்பு இலை எல்லாவற்றையும் அடுக்கி, மஞ்சள் கரைத்த தேங்காய்ப்பால் ஊற்றி, பால் முழுவதும் வற்றி அடியில் எண்ணெய் பிரியும்வரை வேகவிட வேண்டும். எனக்காக இறைச்சி இல்லாமல் தனியாக ஒரு பாத்திரம் வைத்திருந்தார். இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு பட்டை, ஜாதிக்காய் போட்டுக் காய்ச்சிய கொக்கோத் தேநீர். அவர் கேட்ட தொகை வேன்காரர் வாங்கியதில் பாதிகூட இல்லை, முழுவதும் அவர் கைக்கே போனது.

அப்படியானால் இவர் ஏன் இதைத் தொழிலாகச் செய்யவில்லை? கேட்டேன், விரல் மடக்கிச் சொன்னார். கழிப்பறை வீட்டுக்குள் ஒன்றுதான், பத்துப் பேர் வந்தால் என்ன செய்வது. மழைக்காலத்தில் பாதை வழுக்கும், யாராவது விழுந்து காலை உடைத்துக்கொண்டால் இழப்பீடு யார் கொடுப்பது, அதற்குக் காப்பீடு எடுக்க அவருக்குக் கட்டுபடியாகாது. கப்பலில் வருபவர்கள் காலையில் இறங்கிச் சாயங்காலத்துக்குள் ஏறியாக வேண்டும், அவர்களுடைய நேரம் முழுவதும் ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டது. கிரெடிட் கார்டு வாங்க வழியில்லை. இதெல்லாம் பெரிய பண விஷயமே இல்லை, தனி ஆளால் முடியாத விஷயம், அவ்வளவுதான்.

ஜாதிக்காய்க்கு ஒரு சங்கம் இருக்கிறபோது பயணிக்கு ஏன் இருக்கக் கூடாது என்பதுதான் என் கேள்வி. ஒரு பள்ளத்தாக்கில் பத்துச் சிறு விவசாயிகள். பொதுவான ஒரு கழிப்பறை, பொதுவான காப்பீடு, முன்பதிவுக்கு ஒரே தொலைபேசி எண், முறை வைத்து ஆள் அனுப்புதல், வருடக் கடைசியில் உபரியைப் பங்கிடுதல். குவாவ் மரக்கட்டடத்தில் இத்தனை வருடமாக நடப்பதும் இதுதான். தீவுக்குத் தெரியாத வித்தை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வருடமும் பண்ணைச் சுற்றுலாவை வளர்ப்போம் என்று கூட்டம் போடுகிறவர்கள் சிற்றேட்டு அச்சடிப்பதை விட்டுவிட்டு முதலில் அந்தக் கழிப்பறையைக் கட்டட்டும்.

பக்கத்துத் தீவுகளுக்கும் இதே தேவை இருக்கிறது, இன்னும் அவசரமாக. செயின்ட் லூசியா, டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட் மூன்றும் வாழையை நம்பி இருந்தன. ஐரோப்பா கொடுத்துவந்த சலுகைக்கு எதிராக 1997-இல் உலக வர்த்தக அமைப்பு தீர்ப்புச் சொன்ன பிறகு சிறு விவசாயிகள் கொத்துக்கொத்தாக வாழையை விட்டார்கள். செயின்ட் லூசியாவில் 1745-ஆம் வருடத்து ரபோ எஸ்டேட்டை ஒரு பிரிட்டிஷ் சாக்லேட் நிறுவனம் 2006-இல் வாங்கி, கொக்கோத் தோட்டத்துக்குள் ஓட்டல் நடத்துகிறது. அழகான இடம், படங்கள் எடுக்க ஏற்றது. வாழையை விட்ட இரண்டு ஏக்கர்க்காரரால் அப்படி ஒன்றைக் கட்ட முடியுமா என்பது வேறு விஷயம்.

ஓட்டல் சாப்பாட்டையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் சில நாள் தங்கிய ஓர் ஓட்டலில் காலை உணவுக்கு அட்டைப்பெட்டி ஆரஞ்சுச் சாறு, எங்கிருந்தோ வந்த ஆப்பிள், குட்டிக் குட்டிப் பாக்கெட்டில் வெளிநாட்டு ஜாம். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் மாம்பழம் விழுந்து ஈ மொய்க்கிறது. இந்தத் தீவிலேயே ஜாதிக்காய்ச் சதையில் ஜாம் செய்கிறார்கள், அருமையாக இருக்கும். உணவு இறக்குமதிச் செலவை 2025-க்குள் 25 சதவீதம் குறைப்பது என்று கரீபிய நாடுகளின் கூட்டமைப்பான காரிகாம் இலக்கு வைத்தது, பிறகு அதை 2030-க்குத் தள்ளிவைத்தது. அந்தக் காலை மேசையைப் பார்த்தவர்களுக்கு ஏன் தள்ளிப்போனது என்று விளக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்தவரை பண்ணைக்குப் பயணியை அழைத்துப்போவதை விடப் பயணியின் தட்டுக்குப் பண்ணையைக் கொண்டுவருவது அதிக விவசாயிகளுக்குக் காசு கொடுக்கும். அறை பதிவு செய்யும்போதே "உங்கள் காய்கறி எங்கிருந்து வருகிறது" என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

போக்குவரத்து: பொதுவேன்கள் மலிவு, பாட்டு காதைப் பிளக்கும், இறங்க வேண்டிய இடம் வந்ததும் வண்டியின் கூரையையோ பக்கத்தையோ தட்டினால் நிறுத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை அவற்றை நம்பாதீர்கள். வாடகைக் கார் எடுத்தால் சாலையின் இடப்பக்கம் ஓட்ட வேண்டும், மலை வளைவில் ஒலிப்பான் அடிக்காமல் திரும்பாதீர்கள். யாரிடம் எதைக் கேட்பதற்கு முன்னும் "குட் மார்னிங்" சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வழி கேட்டால் முதலில் ஒரு பார்வைதான் கிடைக்கும். சிறு நோட்டாகக் கிழக்குக் கரீபிய டாலர் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வழியோரத்தில் பழம் விற்பவரிடம் அமெரிக்க டாலர் நீட்டினால் மீதி வாங்குவதற்குள் பழம் கனிந்துவிடும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்பவர்களுக்கு: சனி ஞாயிறு வேண்டாம். முடிந்தால் துறைமுகத்தில் பெரிய கப்பல் நிற்காத வார நாளாகப் பார்த்து விடியற்காலையில் கிளம்புங்கள். மேற்குக் கரை வழியாக முதலில் குவாவ் ஜாதிக்காய் நிலையம், அங்கிருந்து வடக்கே சுற்றி மதியச் சாப்பாட்டுக்குப் பெல்மாண்ட், அப்புறம் ரிவர் ஆன்ட்வான். கிளம்பும் முன் ஆலைக்குத் தொலைபேசியில் கேளுங்கள்: இன்று கரும்பு ஆட்டுகிறீர்களா? ஆற்றில் தண்ணீர் குறைந்திருந்தால் சக்கரம் நிற்கும். அப்படியானால் நாளை வாருங்கள் என்று சொல்லிவிடுவார்கள்.